புகையிலைப் பொட்டலத்தின் மீது எச்சரிக்கை

புகையிலையின் தீமையை அதன் பொட்டலத்தின் மீதே அச்சிட்டு மக்களுக்கு உணர்த்தும் முறை மிகப் பழைமையானதன்று. சிகரெட் புகைப்பதே ஆண்களுக்கு நுரையீரற் புற்றுநோய் உண்டாகக் காரணம் என்று அமெரிக்க சர்க்காரின் தலைமை மருத்துவ அதிகாரி 1964-ஆம் ஆண்டில் அறிக்கை வெளியிட்டார். 1966 ஜனவரி 1 முதல் அந்நாட்டுச் சிகரெட் பெட்டிகளில் எச்சரிக்கை இடம் பெற்றது. நம் நாட்டில் இதற்கான சட்டம் 1975-இல் இயற்றப்பெற்று, 1976 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது.

அச்சட்டம் சிகரெட்டை மட்டுமே கட்டுப்படுத்தியது. பீடியும் மெல்லும் புகையிலையும் அதன் வரம்புக்குள் வரவில்லை. பெரும்பாலான பெட்டிகளில் வாசகம் ஆங்கிலத்திலேயே இருந்தது. ஆகவே நகரத்துப் படித்தவருக்குக் கிடைத்த எச்சரிக்கை, பீடி புகைக்கும் கூலியாளுக்குக் கிடைக்கவில்லை. 2003-ஆம் ஆண்டுச் சட்டமே புகையிலைப் பொருள்கள் யாவற்றையும் உட்படுத்தியது.

எழுத்தறியாதவருக்கும் விளங்கும் பொருட்டு, 2009 மே 31 முதல் படங்கள் அச்சிடப்பெற்றன. பொட்டலத்தின் முன்புறத்தில் 40 சதவீதப் பரப்பு இதற்கென ஒதுக்கப்பட்டது. மெல்லும் புகையிலைக்குத் தேர்ந்த படமோ ஒரு தேள்! தேளுக்கும் வாய்ப் புற்றுநோய்க்கும் என்ன சம்பந்தம் என்று கிராமவாசி ஒருவர் வினவினால், விடை கூறுவது எளிதன்று. 2016 ஏப்ரல் 1 முதல் இருபுறமும் 85 சதவீதப் பரப்பில், நோயின் உருவத்தையே காட்டும் படங்கள் வந்தன. இவ்விதியைக் கர்நாடக உயர் நீதிமன்றம் 2017 டிசம்பரில் ரத்து செய்தது. அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்தி வைத்தது.

பயன் யாது? எச்சரிக்கையைக் கண்டு பழக்கத்தை விட எண்ணிய பீடி புகைப்போர், 2009-10 தேசிய ஆய்வில் 29 சதவீதம். 2016-17-இல் 54 சதவீதம். எண்ணுவது வேறு, விடுவது வேறு. அதனால்தான் 2018 செப்டம்பர் 1 முதல், பழக்கத்தை விட உதவும் 1800-11-2356 என்ற கட்டணமற்ற தொலைபேசி எண்ணும் பொட்டலத்தில் சேர்க்கப்பட்டது.

ஆயினும் தில்லி மயூர் விஹாரின் நடைபாதைக் கடையாயினும், தமிழ்நாட்டுப் பெட்டிக்கடையாயினும், சிகரெட்டை ஒன்று இரண்டாக வாங்குவோரே பலர். பெட்டியும், அதன் படமும் எண்ணும் கடைக்காரரிடமே தங்கிவிடுகின்றன. 2003-ஆம் ஆண்டுச் சட்டம் இச்சில்லறை விற்பனையைத் தடை செய்யவில்லை. ஆதலின் கள ஊழியர்களும் ஆசிரியர்களும் வெறும் பொட்டலம் ஒன்றைக் கூட்டத்துக்கு எடுத்துச் சென்று, படத்தை விளக்கி, அவ்வெண்ணைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுப்பது பயன் தரும்.