இரக்கம் மட்டும் போதாது



மானிப்பாயிலிருந்து யாழ்ப்பாணம் வந்து, குறிகட்டுவான் துறையில் படகேறினால் நெடுந்தீவு. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே கட்டவிழ்ந்து திரிகின்றன. கோடையில் குளங்கள் வற்றினால், தாகத்தால் மடிவனவும் உண்டு.

பிள்ளைகளோடு செல்லும் தாய்மார்களுக்கு, மெலிந்த குதிரையைக் கண்டதும் சோற்றையோ பாணையோ நீட்டத் தோன்றும். நல்ல மனசுதான். ஆனால் அறிவோடு சேராத இரக்கம் உயிரையே பறித்துவிடலாம்.

13ஆம் நூற்றாண்டில் அரபு நாட்டுக் குதிரைகள் கப்பல் கப்பலாகப் பாண்டிய நாட்டுக்கு வந்தன. அவற்றுக்குச் சோற்றையும் சமைத்த இறைச்சியையும் கொடுத்தார்கள். பராமரிக்கத் தெரிந்தவர்களும் இல்லை. அதனால் பெரும்பாலானவை இறந்துபோயின என்று மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார். பொன் கொடுத்து வாங்கியவர்கள் புல்லின் அருமையை அறியவில்லை!

குதிரையின் இரைப்பை சிறியது. நாள் முழுதும் சிறிது சிறிதாகப் புல் மேய்வதே அதற்கு ஏற்றது. பழக்கமில்லாத மாவுப் பண்டம் திடீரென மிகுந்தால் குடலில் நொதித்து வாயு சேரும். குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. வயிற்றுவலியில் உருண்டு புரண்டு இறந்தும் போகலாம். 300 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 6 கிலோ உலர்ந்த புல் வேண்டும். வெயில் காலத்தில் தண்ணீர்த் தேவை இன்னும் கூடும்.

எனவே, நெடுந்தீவு சென்றால் சோற்றுப் பொதியை அவற்றின் முன் பிரிக்காதீர்கள். பொலித்தீன் பையை எறிந்துவிட்டு வராதீர்கள். தண்ணீர்த் தொட்டி வறண்டிருந்தால் ஊராரிடம் சொல்லி நிரப்ப உதவுங்கள். தாகித்த வாயில்லா ஜீவனுக்கு நீர் புகட்டுவதன் நன்மையை நாம் அறியாதவர்களா?