ஓடு கட்டும் சவ்வு

சித்திரை வெயில் ஏறியதும் நாமக்கல், மோகனூர், பரமத்தி வேலூர் பக்கத்துப் பண்ணைகளில் கோழிகள் அலகைத் திறந்தபடி மூச்சிரைக்க ஆரம்பித்துவிடும். கூரைமேல் தண்ணீர் தெளிப்பார்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் வானிலை அறிக்கை ‘வெப்ப அயற்சி’ பற்றி எச்சரிக்கும். பண்ணையாளர்களுக்குக் கூடவே இன்னொரு கவலையும் சேரும்: முட்டை ஓடு மெலிந்துபோகிறது. அட்டையில் அடுக்கும்போதே விரிசல் விடுகிறது. சில கோழிகள் ஓடே இல்லாத தோல்முட்டை இடுகின்றன.

வெயிலுக்கும் ஓட்டுக்கும் என்ன சம்பந்தம்? முட்டைக்கு ஓடு கட்டும் இடமான கோழியின் கருப்பையில், செல்களைப் போர்த்தியிருக்கும் சவ்வைப் பார்த்தால் விளங்கும்.

ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் ஏழெட்டுப் பங்குதான் செல் சவ்வின் தடிமன். கொழுப்பு வகையைச் சேர்ந்த பாஸ்போலிப்பிட் மூலக்கூறுகள் இரண்டு அடுக்காக நின்று அதை உருவாக்குகின்றன. ஒவ்வொரு மூலக்கூறுக்கும் தண்ணீரை நாடும் ஒரு தலையும், தண்ணீரை விட்டு ஒதுங்கும் இரண்டு வால்களும் உண்டு. அதனால் தலைகள் இரு பக்கமும் வெளிநோக்கி நிற்க, வால்கள் நடுவில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும். யாரும் அடுக்கிவைக்க வேண்டியதில்லை; தண்ணீரில் விட்டாலே தாமாகக் கூடிக்கொள்ளும்.

இதை உலகம் தெரிந்துகொண்டதில் முட்டைக்குப் பெரிய பங்கு இருக்கிறது. முட்டையால் பெயர் பெற்ற நாமக்கல் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். 1840-களில் பாரிஸ் மருந்தாளர் தியோடோர் கோப்லி மஞ்சள் கருவிலிருந்து பாஸ்பரஸ் கலந்த ஒரு கொழுப்பைப் பிரித்தெடுத்தார். 1850-இல் அதற்கு லெசித்தின் என்று பெயர் வைத்தார். சவ்வு இரண்டு அடுக்கு கொண்டது என்று 1925-இல் சொன்னவர்கள் நெதர்லாந்தின் கோர்ட்டரும் கிரெண்டலும். 1960-களில் இங்கிலாந்தின் அலெக் பாங்கம் முட்டை லெசித்தினைத் தண்ணீரில் கலந்து மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது, அது குட்டிக் குட்டிப் பைகளாக மூடிக்கொண்டிருந்தது. லிபோசோம் எனப்படும் அந்தப் பைகளுக்குள் இன்று மருந்தை அடைத்துத் தருகிறார்கள். 2021-இல் கருப்புப் பூஞ்சை நோய் பரவியபோது நோயாளிகளின் குடும்பங்கள் ஊர் ஊராகத் தேடி அலைந்த ஆம்போடெரிசின் மருந்து, லிபோசோமில் அடைத்த வகைதான்.

ஆனால் கொழுப்பு அடுக்கு மட்டும் இருந்தால் செல் பிழைக்காது. ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு போன்ற சிறிய, மின்னூட்டம் இல்லாத மூலக்கூறுகள் அதை எளிதில் கடந்துவிடும். மின்னூட்டம் கொண்ட கால்சியமோ பைகார்பனேட்டோ கடக்க முடியாது. அவற்றுக்கென்று சவ்வில் புரதங்கள் பதிந்திருக்கின்றன. சில, வழி மட்டும் திறந்துவிடும். சில, ஆற்றலைச் செலவழித்து இறைத்துத் தள்ளும். இந்தப் புரதங்கள் ஓரிடத்தில் அறைந்த ஆணிகளாக இல்லாமல் கொழுப்புக்குள் நகர்ந்துகொண்டே இருக்கின்றன என்ற சித்திரத்தை 1972-இல் சிங்கரும் நிக்கல்சனும் முன்வைத்தார்கள்.

இப்போது கோழிக்கு வருவோம். ஒரு முட்டை உருவாக ஒரு நாளுக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். அதில் சுமார் 20 மணி நேரம் கருப்பையில் ஓடு கட்டுவதற்கே போய்விடும். பெரும்பாலும் இரவு வேலை. ஓட்டில் சேர வேண்டிய கால்சியம் ஏறத்தாழ 2 கிராம். கோழியின் ரத்தத்தில் எந்த நேரத்திலும் இருப்பதோ சில பத்து மில்லிகிராம். அதாவது ரத்தத்திலுள்ள கால்சியம் இரவு முழுக்கத் தீர்ந்து தீர்ந்து, குடலிலிருந்தும் எலும்பிலிருந்தும் மறுபடி நிரம்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

அத்தனையும் கருப்பைச் செல்களைக் கடந்தாக வேண்டும். இதில் ஓர் ஆபத்து உண்டு. செல்லுக்கு உள்ளே கட்டில்லாமல் திரியும் கால்சியம், வெளியே இருப்பதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கலாம். கூடினால் செல் செத்துவிடும். ஆகவே உள்ளே நுழையும் கால்சியத்தைக் கால்பிண்டின் என்ற புரதம் உடனே பிடித்துக்கொள்கிறது. மறுபக்கச் சவ்விலுள்ள இறைப்பான்கள் அதை வெளியே தள்ளுகின்றன. தங்களைக் கொல்லக்கூடிய பொருளை ராத்திரி முழுக்கக் கிராம் கணக்கில் கடத்திவிட்டு மறுநாளும் அதே வேலைக்குத் தயாராகிவிடுகின்றன இந்தச் செல்கள்.

ஓட்டின் மற்றொரு பாதியான கார்பனேட்டுக்கு மூலப்பொருள் ரத்தத்திலுள்ள கார்பன் டை ஆக்சைடு. அது சவ்வைத் தடையின்றிக் கடந்து செல்லுக்குள் வரும். அங்கே கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதி அதைப் பைகார்பனேட்டாக மாற்றும். சவ்வுப் புரதங்கள் அதை ஓடு வளரும் பக்கம் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

வெயில் கெடுப்பது இங்கேதான். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. மூச்சிரைத்துத்தான் உடல் சூட்டைத் தணித்தாக வேண்டும். அப்படி இரைக்கும்போது கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மீறி வெளியேறி, ரத்தம் காரத்தன்மை அடைகிறது. ஓட்டுக்கான சரக்கு குறைகிறது. வெக்கையில் தீவனம் எடுப்பதும் குறைவதால் கால்சியமும் போதாமல் போகிறது. இரண்டும் சேர்ந்து ஓட்டை மெலியவைக்கின்றன.

கோடையில் தீவனத்திலோ தண்ணீரிலோ சோடா உப்பு சேர்ப்பது இந்தக் கணக்கில்தான்: அது பைகார்பனேட்டை நேரடியாகவே தருகிறது. கிளிஞ்சலையும் சுண்ணாம்புக்கல்லையும் முழுக்க மாவாக்காமல் ஒரு பகுதியைக் குருணையாகவே போடுவதற்கும் காரணம் உண்டு. மாவு சீக்கிரம் கரைந்து கடந்துவிடும். குருணை அரைவைப் பையில் தங்கி, விளக்கணைத்த பிறகும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, கருப்பை கால்சியம் கேட்கும் அந்த நேரத்தில் ரத்தத்துக்குப் போய்ச் சேரும். சாயங்காலம் வெக்கை தணிந்த பிறகு வைக்கும் தீவனத்தில் குருணை இருந்தால் பலன் இன்னும் அதிகம்.