சுருதி சேராத தம்புரா

பெட்டியைப் பூட்டி, ஊசியை இசைத்தட்டின் மேல் இறக்கியதும் பாட்டுக்கு முன்னால் தம்புரா வந்தது. தட்டில் இருந்த தம்புரா அல்ல. நான்கு ராத்திரி உட்கார்ந்து ஈயம் பற்றவைத்து முடித்த என் ஃபோனோ ப்ரீஆம்ப் தானாகவே பாடிக்கொண்டிருந்தது: 'ம்ம்ம்ம்' என்று, மூச்சுவிடாமல். பிறகு எழுந்த பாடகரின் சுருதிக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. சங்கீதம் கற்ற என் மனைவி கூடத்தை எட்டிப் பார்த்து, "என்னங்க, உங்க தம்புரா என்ன சுருதின்னு முதல்ல பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். கிண்டல் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த ப்ரீஆம்ப் பெட்டி எதற்கு? அந்தக் காலத்து மூடி வைத்த சூட்கேஸ் பிளேயர்கள் பலவற்றில் இது கிடையாது. அவற்றில் இருந்தது செராமிக் கார்ட்ரிட்ஜ். ஊசி நெருக்கும்போது ஒரு சிறு பீங்கான் துண்டு தானே சில நூறு மில்லிவோல்ட் தந்துவிடும். இன்றைய பிளேயர்களில் பெரும்பாலும் இருப்பது காந்த வகை. ஊசித் தண்டின் மறுமுனையில் கடுகளவுகூட இல்லாத ஒரு காந்தம், அருகில் கம்பிச் சுருள். ஊசி ஆட, காந்தம் ஆட, சுருளில் மின்சாரம் பிறக்கும். 1831-இல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் இது. சைக்கிள் டைனமோவும் மேட்டூர் அணையின் ஜெனரேட்டரும் இதே வேலையைத்தான் செய்கின்றன. ஆனால் இந்தக் குட்டி டைனமோ தருவது 5 மில்லிவோல்ட் அளவுக்குத்தான், அதாவது ஒரு டார்ச் செல்லின் முந்நூறில் ஒரு பங்கு.

நூறு மடங்கு பெருக்கினால் அரை வோல்ட், வேலை முடிந்தது என்றுதான் நானும் முதலில் எண்ணினேன். வெறுமனே பெருக்கினால் தகர டப்பாவுக்குள் கச்சேரி நடப்பதுபோல இருக்கும். மிருதங்கத்தின் தொப்பி காணாமல் போகும், ஜால்ரா காதைக் கிழிக்கும். ஏனென்றால் தட்டில் இருப்பது பாடியது பாடியபடி இல்லை. வேண்டுமென்றே மாற்றி வெட்டியிருக்கிறார்கள்.

ஒரு சின்னக் கணக்கு போட்டால் காரணம் தெரிந்துவிடும். பக்கத்துக்கு 20 நிமிடம் ஓடும் எல்.பி., நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்றால் மொத்தம் 667 சுற்று. இத்தனையும் அடங்க வேண்டிய பட்டையின் அகலம் சுமார் எட்டரை சென்டிமீட்டர். ஒரு சுற்றுக்குக் கிடைப்பது மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு, அதாவது 130 மைக்ரானுக்குள். காந்தக் கார்ட்ரிட்ஜ் ஊசியின் வேகத்துக்குத்தான் கூலி கொடுக்கும், அது போன தூரத்துக்கு அல்ல. ஆகவே மெதுவாக ஆடும் தாழ்ந்த ஒலி அதே மின்சாரத்தைத் தர வேண்டுமானால் அகலமாக ஆடியாக வேண்டும். வினாடிக்கு 5 சென்டிமீட்டர் வேகத்தை எட்ட, 1000 ஹெர்ட்ஸ் ஒலிக்கு ஊசி இருபுறமும் 8 மைக்ரான் ஆடினால் போதும். 50 ஹெர்ட்ஸுக்கு 160 மைக்ரான் வேண்டும். பக்கத்து வீட்டுச் சுவரை இடித்துக்கொண்டு போய்விடும். 10,000 ஹெர்ட்ஸில் ஒரு மைக்ரான்கூட ஆடாது, தட்டின் சரசரப்பிலேயே அது முழுகிவிடும்.

அதனால் வெட்டும்போதே தாழ்ந்த ஒலிகளை அடக்கினார்கள், உச்ச ஒலிகளைத் தூக்கினார்கள். எவ்வளவு என்பதில் 1950-களின் தொடக்கம்வரை கம்பெனிக்கு ஒரு கணக்கு. கொலம்பியா தட்டுக்கு ஒன்று, டெக்கா தட்டுக்கு ஒன்று என்று மாற்றிக் கேட்க அக்காலத்து ப்ரீஆம்ப்களில் தனியாகத் திருகு குமிழே இருந்தது. 1954-இல் அமெரிக்க இசைத்தட்டுத் தொழில் சங்கமான ஆர்.ஐ.ஏ.ஏ. ஒரே வளைவைத் தரமாக்கியது. வெட்டுகிறவர் எங்கே எவ்வளவு குறைத்தாரோ, கேட்கிறவரின் பெட்டி அங்கே அவ்வளவு கூட்ட வேண்டும். எந்தக் காலத்திலோ தட்டை வெட்டிய எந்திரமும் சென்னையில் ஒரு சாப்பாட்டு மேசை மேல் பற்றவைத்த என் பெட்டியும் ஒன்றையொன்று பார்த்ததில்லை. ஆனால் பேசிவைத்தபடி நடந்துகொள்கின்றன.

அந்தப் பேச்சு மொத்தமும் மூன்று எண்களில் அடக்கம்: 3180, 318, 75. எல்லாம் மைக்ரோ வினாடி. ஒலியின் கணக்கில் நேரம் எப்படி வந்தது என்றால், ஓமை ஃபாரடால் பெருக்கினால் கிடைப்பது வினாடி. 7500 ஓம் ரெசிஸ்டர் ஒன்று, 10 நானோஃபாரட் கண்டன்சர் ஒன்று, பெருக்கினால் சரியாக 75 மைக்ரோ வினாடி. சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் இரண்டு துண்டுகளுக்குள் ஒரு கடிகாரம் ஒளிந்திருக்கிறது! எனக்கு இந்த வியப்பு இன்னும் தீரவில்லை.

ரிச்சி தெருவில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடையில் பத்து நானோ கண்டன்சர் இருபது கேட்டேன். "எத்தனை செட்டு சார் பண்றீங்க?" என்றார் கடைக்காரர். "ஒண்ணுதாண்ணே" என்றதும் ஒரு மாதிரியாகப் பார்த்தார். ரெசிஸ்டரில் ஒரு சதவீதத் துல்லியம் சுலபமாகக் கிடைக்கும். கண்டன்சர் பத்து சதவீதம்வரை முன்னே பின்னே இருக்கும். மீட்டரில் அளந்து ஜோடி சேர்க்காவிட்டால் இடதும் வலதும் ஒத்துப்போகாது, நடுவில் உட்கார்ந்து பாடுகிறவர் சற்றே நகர்ந்து உட்கார்ந்துவிடுவார். அளவு சரியாக இருந்தாலும் கணக்கு தப்பலாம். மூன்று எண்களையும் ஒரே வலைக்குள் பின்னும்போது ஒன்றைத் தொட்டால் மற்றவையும் நகரும். அச்சில் வந்த சுற்றுகளிலேயே பல தப்பு என்று ஸ்டான்லி லிப்ஷிட்ஸ் 1979-இல் கணக்கோடு எழுதிக் காட்டினார். பெருக்கும் வேலைக்கு நான் போட்டது என்.இ.5532 என்ற எட்டுக்கால் ஐ.சி. உள்ளே இரண்டு பெருக்கிகள், இரைச்சல் மிகக் குறைவு. அந்த விலைக்கு அதை மிஞ்ச ஆளில்லை என்பது என் கட்சி.

இனி மின்சாரம். வளைவின்படி 50 ஹெர்ட்ஸை, 1000 ஹெர்ட்ஸைவிட ஏழு மடங்கு அதிகம் பெருக்க வேண்டும். அதற்கு நூறு என்றால் இதற்கு எழுநூறு. நம் வீட்டுச் சுவரில் வரும் கரண்டோ 50 ஹெர்ட்ஸ். திருடன் எந்த வாசலில் நிற்கிறானோ அந்த வாசலைத்தான் பெட்டி ஆகத் திறந்து வைத்திருக்கிறது. பத்து மைக்ரோவோல்ட் உள்ளே நுழைந்தால் ஏழு மில்லிவோல்ட்டாக வெளியே வரும். பாட்டு ஓயும் இடங்களில் அது நன்றாகவே கேட்கும்.

என் பவர் சப்ளை எல்லோரும் போடுவதுதான்: 15-0-15 ட்ரான்ஸ்ஃபார்மர், நான்கு டயோடு, பக்கத்துக்கு 1000 மைக்ரோஃபாரட் கண்டன்சர், 7815, 7915 ரெகுலேட்டர்கள். சுற்று 20 மில்லிஆம்பியர் இழுத்தால் கண்டன்சரின் மேல் 0.2 வோல்ட் அலை மிச்சமிருக்கும். கார்ட்ரிட்ஜ் தரும் பாட்டைப்போல நாற்பது மடங்கு அது! ரெகுலேட்டர் அதை அமுக்கிவிடும் என்று தெரிந்தும் சந்தேகம் முழுக்க அந்த அலையின்மேல்தான். கண்டன்சரை 4700 ஆக்கினேன். தம்புரா அசையவில்லை. சப்ளையை அவிழ்த்துவிட்டு இரண்டு 9 வோல்ட் பேட்டரியில் ஓட்டினேன். நிசப்தம். அகப்பட்டான் என்று நினைத்தேன்.

பிறகுதான் ஒரு யோசனை வந்தது. பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அதே பெட்டியில் எதனோடும் சேராமல் கிடந்த ட்ரான்ஸ்ஃபார்மருக்கு மட்டும் கரண்ட் கொடுத்தேன். தம்புரா திரும்பி வந்தது. ஒரு கம்பிகூடத் தொடர்பில்லை. ட்ரான்ஸ்ஃபார்மரிலிருந்து கசியும் காந்தப்புலம் காற்றைக் கடந்து, உள்ளீட்டுக் கம்பிகள் வளைந்த இடத்தில் மின்சாரத்தைப் பிறப்பித்துக்கொண்டிருந்தது. ஊசியிலிருந்து பாட்டைப் பிறப்பிக்கும் அதே ஃபாரடே விதி.

மனைவி சொன்னதை அப்போதுதான் செய்தேன். போனில் சுருதி காட்டும் செயலியைத் திறந்து ஸ்பீக்கர் அருகே வைத்தேன். 50 காட்டியது. டயோடுகள் அலையின் இரு பாதியையும் ஒரே பக்கம் மடித்துவிடுவதால் சப்ளையின் அலை 100 ஹெர்ட்ஸில்தான் இருக்கும், ஒரு ஸ்தாயி மேலே. முதல் நாளே சுருதியைப் பார்த்திருந்தால் கண்டன்சர் செலவு மிச்சமாகியிருக்கும்.

சிறிய காந்தப்புலம் தூரத்தின் மும்மடியாகத் தேயும். விலகல் இரண்டு மடங்கானால் புலம் சுமார் எட்டில் ஒன்று. ட்ரான்ஸ்ஃபார்மரையும் டயோடுகளையும் ஃபியூஸோடு ஒரு பழைய இரும்பு பிஸ்கட் டின்னுக்குள் மாற்றி, டின்னுக்கு எர்த் கொடுத்து, அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு மீட்டருக்கு அப்பால் வைத்தேன். பிளேயரிலிருந்து வரும் மெல்லிய எர்த் கம்பியை ப்ரீஆம்ப் பெட்டியில் திருகினேன். மிச்சமிருந்த சின்ன ரீங்காரமும் போயிற்று.

ஊசியை இறக்கினேன். முதலில் தூசியின் சடசடப்பு. அதன் பின்னால் மெல்ல ஒரு தம்புரா. இந்த முறை தட்டுக்குள்ளிருந்து.