நம் வீதியில் புது மொழி



“நம்ம வீதியில இப்ப நாமதான் சாமி வெளியூர்க்காரங்க மாதிரி இருக்கறோம்.” திருப்பூர், கோவை வட்டாரப் பங்குகளில் வீடு சந்திக்கச் செல்லும் குருக்களிடம் பெரியவர்கள் இப்படிச் சொல்வது வழக்கமாகிவிட்டது. லைன் வீடுகளில் ஒடியாவும் இந்தியும் வங்காளமும் கேட்கின்றன. மளிகைக் கடையில் கடுகு எண்ணெய் முன்வரிசைக்கு வந்துவிட்டது. பனியன் கம்பெனி விடும் நேரத்தில் பஸ் ஏறினால், பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை பேச முடிவதில்லை. நாற்பது ஆண்டுகள் ஒரே வீதியில் குடியிருப்பவருக்கு இது சிறிய வருத்தம் அல்ல.

இந்த வருத்தம் பாவமா? இல்லை. திருத்தந்தை பிரான்சிஸ் 2020-ஆம் ஆண்டில் எழுதிய ‘அனைவரும் உடன்பிறந்தோர்’ என்னும் சுற்றுமடலில், குடிபெயர்ந்து வருவோரைக் கண்டு சிலருக்குத் தயக்கமும் அச்சமும் எழுவதைத் தாம் புரிந்துகொள்வதாகக் கூறுகிறார். தன்னைக் காத்துக்கொள்ள நினைப்பது மனித இயல்பு என்கிறார். ஆனால் அந்த அச்சமே நம் சிந்தனையையும் செயலையும் ஆளத் தொடங்கி, மனக்கதவை மூடிவிடும்போதுதான் தவறு தொடங்குகிறது என்று எச்சரிக்கிறார். ஆகவே நம் வருத்தத்தை மறைக்க வேண்டாம். அதற்குள் என்னென்ன இருக்கின்றன என்று பிரித்துப் பார்ப்போம். மூன்று காரியங்கள் அதில் கலந்திருக்கின்றன.

முதலாவது, இழப்பு. பழகிய முகங்கள் குறைந்துவிட்டன. உண்மைதான். ஆனால் அந்த முகங்களை வெளியேற்றியது யார்? நம் பிள்ளைகளை நாமே படிக்க வைத்து, சென்னைக்கும் பெங்களூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் அனுப்பினோம். பனியன் கம்பெனி வேலை எங்களோடு போகட்டும் என்றோம். குடும்பங்களும் சிறுத்துவிட்டன. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகள் 1.8 மட்டுமே. தையல் மிஷினுக்கு முன்னால் காலியான இருக்கைகளில்தான் வடமாநிலத்துப் பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். இன்னொன்றையும் நினைவில் கொள்வோம். திருப்பூரின் பழைய குடிகள் என்று இன்று சொல்லிக்கொள்ளும் பலரும் மதுரை, தேனி, திண்டுக்கல், நெல்லைப் பக்கங்களிலிருந்து துணிப்பையோடு வந்து இறங்கியவர்களே. வாடகைக்கு வீடு தேடி அவர்கள் அலைந்த நாள்களை அவர்களின் பிள்ளைகளுக்குச் சொல்லித் தாருங்கள்.

இரண்டாவது, கூலி. “அவங்க கம்மிக் கூலிக்கு வர்றாங்க, அதனால எங்களுக்கு ரேட் ஏறமாட்டேங்குது” என்கிறார்கள் தொழிலாளர்கள். இது வயிற்றுப்பாட்டைப் பற்றிய கேள்வி. இதை யாரும் அலட்சியம் செய்யக்கூடாது. ஆனால் பீஸ் ரேட்டை முடிவு செய்பவர் ஜார்க்கண்டிலிருந்து வந்த இளைஞர் அல்லர். காண்ட்ராக்டர் பிடித்தம் போக என்ன கைக்கு வரும் என்பதுகூட அவருக்குப் பல நேரங்களில் தெரியாது. ஒரே வேலையைச் செய்யும் வெளிமாநிலத் தொழிலாளருக்கு உள்ளூர்த் தொழிலாளரைவிடக் குறைந்த கூலி தரக்கூடாது என்று 1979-ஆம் ஆண்டிலேயே நம் நாட்டில் சட்டம் வந்தது. நியாயமான கூலி தொழிலாளியின் உரிமை என்று திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1891-இலேயே போதித்தார். பிடித்து வைக்கப்பட்ட கூலி கடவுளை நோக்கிக் கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு தம் திருமுகத்தில் எழுதுகிறார். ஆகவே வெளியூர்க்காரருக்கு முழுக் கூலி கிடைப்பது நமக்கும் பாதுகாப்பு. அவருக்குக் குறைத்துக் கொடுக்க முடியும்வரை, நமக்கும் குறைத்துத்தான் கொடுப்பார்கள். நம் கோபம் போய்ச் சேர வேண்டிய இடம் லைன் வீட்டு வாசல் அல்ல. நம் பங்கிலும் கம்பெனி முதலாளிகள் இருக்கிறீர்கள்; இது உங்களுக்கும் சொல்லப்படுகிறது.

மூன்றாவது, வதந்தி. 2023 மார்ச் மாதம், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் அடித்துக் கொல்லப்படுகிறார்கள் என்று செல்போனில் வீடியோக்கள் பரவின. அவை வேறு சம்பவங்களின் காட்சிகள் என்று காவல்துறை விளக்கியது. பீகார் அரசு அனுப்பிய குழுவும் இங்கு வந்து விசாரித்தது. அதற்குள் பயந்துபோன பலர் ரயில் ஏறிவிட்டார்கள். பொய் அவர்களை எவ்வளவு வேகமாக ஓட வைத்ததோ, அதே வேகத்தில் அவர்களைப் பற்றிய பொய்களும் நம் வாட்ஸ்ஆப் குழுக்களில் சுற்றுகின்றன. எங்கோ ஒருவர் செய்த குற்றத்தை ஒரு மாநிலத்தார் தலையிலேயே கட்டுகிறோம். வருத்தத்தைக் கடவுளிடம் சொல்லி ஆறுதல் பெறலாம். கூலிக்காகச் சேர்ந்து போராடலாம். பொய்யை நம் விரலால் அடுத்தவருக்கு அனுப்புவது பத்துக் கட்டளைகளுக்கு எதிரான பாவம்.

திருச்சபையின் தொடக்கத்திலேயே இத்தகைய ஒரு சிக்கல் எழுந்தது. திருத்தூதர் பணிகள் 6-ஆம் அதிகாரத்தை வீட்டில் எடுத்து வாசியுங்கள். எருசலேம் திருச்சபையில் இரண்டு மொழிக்காரர்கள் இருந்தார்கள். வெளிநாடுகளில் வாழ்ந்து வந்து குடியேறியிருந்த, கிரேக்கம் பேசுவோர் ஒருபுறம். ஊர்மொழி பேசுவோர் மறுபுறம். அன்றாடப் பந்தியில் தங்கள் கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்க மொழிக்காரர் முணுமுணுத்தார்கள். திருத்தூதர்கள் அவர்களை அதட்டவில்லை. “எல்லாரும் சகோதரர்தானே” என்று சமாதானம் சொல்லி மழுப்பவும் இல்லை. அனைவரையும் கூட்டி, ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். அந்த ஏழு பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். கடைசியில் வரும் நிக்கொலா, யூதராகவே பிறக்காத அந்தியோக்கியா ஊர்க்காரர். குறைபட்டவர்களின் கையிலேயே பந்திப் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. நம் முதல் மறைசாட்சியான புனித ஸ்தேவான் அந்த ஏழு பேரில் ஒருவர்.

இதை நம் பங்குகளுக்குப் பொருத்திப் பாருங்கள். ஞாயிறு திருப்பலியில் கடைசி வரிசையில், மில் ஹாஸ்டலிலிருந்து வந்த பெண்பிள்ளைகள் நிற்கிறார்கள். பலர் ஜார்க்கண்ட், ஒடிசா, சத்தீஸ்கர் பகுதிகளின் பழங்குடிக் கத்தோலிக்கர். பெல்ஜியம் நாட்டு இயேசு சபைக் குரு கான்ஸ்டன்ட் லீவன்ஸ் 1885-இல் சோட்டாநாக்பூருக்கு வந்து, நிலத்தைப் பறிகொடுத்த அம்மக்களுக்காக வழக்காட உதவினார். அவர் வளர்த்த விசுவாசம் அது. ஆசியாவின் முதல் பழங்குடிக் கர்தினாலான டெலஸ்போர் டோப்போ அந்த மண்ணிலிருந்துதான் 2003-இல் உயர்த்தப்பட்டார். அவர்களில் ஓராவோன் மக்கள் பேசும் குருக் மொழி, நம் தமிழ் சேர்ந்த திராவிடக் குடும்பத்து மொழி. ‘நீ’ என்பதற்கு அவர்கள் ‘நீன்’ என்கிறார்கள். நம் மறையுரை அவர்களுக்குப் புரிவதில்லை. ஆனால் எப்போது முழந்தாளிட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். நற்கருணை வாங்கும்போது நாம் சொல்லும் அதே ‘ஆமென்’தான் அவர்களும் சொல்கிறார்கள்.

எகிப்தில் அந்நியராய் இருந்ததை மறக்க வேண்டாம் என்று ஆண்டவர் இஸ்ரயேலுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னார். நமக்கும் அப்படி ஒரு நினைவு உண்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலேயாவுக்கும் பர்மாவுக்கும் போனவர்கள் நம் முன்னோர். 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 மலையகத் தமிழரை இந்தியா ஏற்க இசைந்தது. அப்படித் திரும்பி வந்து நீலகிரியில் குடியேறியவர்களை, சொந்த மண்ணிலேயே ‘சிலோன்காரங்க’ என்று பிரித்துப் பேசினோம்.

திருச்சபை 1914 முதல் புலம்பெயர்ந்தோர் நாளைக் கடைப்பிடிக்கிறது. இப்போது வழக்கமாகச் செப்டம்பர் கடைசி ஞாயிறு அது. அந்த ஒரு நாளோடு விட்டுவிடாமல், மூன்று காரியங்களைத் தொடங்குவோம். ஒவ்வோர் அன்பியமும் தன் எல்லையிலுள்ள ஒரு லைன் வீட்டுக்காவது சென்று, அங்கிருப்போரின் பெயரையும் ஊரையும் கேட்டு வரட்டும். மாதம் ஒரு முறை திருப்பலியில் ஒரு வாசகம் இந்தியிலும் வாசிக்கப்படட்டும். பங்குப் பேரவையில் அவர்களுள் ஒருவருக்கு இடம் கொடுப்போம்; எருசலேமில் செய்தது அதுதான். அதே பேரவையில், வீதி மாறிப்போனதே என்று வருந்தும் நம் பெரியவர்களும் தங்கள் மனத்தைத் திறந்து பேசட்டும். அவர்கள் பேச்சையும் பொறுமையோடு கேட்போம்.

அந்நியனாய் இருந்தேன், என்னை ஏற்றுக்கொண்டீர்களா என்று இறுதி நாளில் நம்மைக் கேட்கப்போகிற ஆண்டவர், அதற்கான மனத்தை நமக்கு இன்றே தருவாராக. ஆமென்.