தோலகட்டியின் முந்திரிகை இரசம்

யாழ்ப்பாணத்தில் முந்திரிகை என்றால் கொடியில் காய்ப்பது. மரத்தில் காய்ப்பதை மரமுந்திரிகை என்று பிரித்துச் சொல்வோம். அந்தக் கொடி முந்திரிகையிலிருந்து இரசம் எடுப்பதில் பெயர்பெற்ற இடம், வயாவிளானை அடுத்த தோலகட்டி. அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த தோமஸ் அடிகளார் 1928இல் அங்கே செபமாலைத் தாசர் சபையை நிறுவினார். மௌனமும் செபமும் உழைப்பும் அவர்களது ஒழுங்கு. அவர்களுடைய நெல்லி இரசமும் முந்திரிகை இரசமும் சமயம் பாராமல் எல்லா வீடுகளுக்கும் போயின.

இரசம் எப்படி வைனாகிறது? பழத்தின் சர்க்கரையை மதுவக் கிருமி உண்டு, மதுசாரத்தையும் கரியமில வாயுவையும் விடுகிறது. தொட்டி நுரைப்பது அதனால்தான். கறுத்த முந்திரிகையைப் பிழிந்து பாருங்கள், சாறு பெரும்பாலும் வெளிறியே இருக்கும். சிவப்பு தோலில் இருக்கிறது. ஆகையால் சிவப்பு வைனுக்குத் தோலோடு சேர்த்தே புளிக்கவைக்க வேண்டும். நாவைப் பிடிக்கும் துவர்ப்பும் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் இறங்குகிறது. கடையில் வாங்கும் இனிப்பு வைனில் கறுவாவும் கராம்பும் மணக்கலாம். திருப்பலிக்கு அது ஆகாது. அதற்குக் கலப்பில்லாத, கெட்டுப்போகாத முந்திரிகை வைனே வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம்.

மௌனத் துறவிகளும் முந்திரிகையும் சேர்ந்த இன்னோர் இடம் ஸ்பெயினின் பிரியோராட் மலைநாடு. 12ஆம் நூற்றாண்டில் கார்த்தூசியன் துறவிகள் அங்கே ஸ்காலா தேய் என்ற மடத்தைக் கட்டி, மலைச்சரிவில் கொடி வளர்த்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வேரை உறிஞ்சும் பூச்சியொன்று அந்தத் தோட்டங்களை அழித்தது. மீண்டும் நட்ட கர்னாச்சா, கரின்யேனா கொடிகளில் ஒருசில இன்று நூறு வயதை எட்டிவிட்டன. கறுத்த கற்பலகை மண்ணின் வெடிப்புகளில் வேர் ஆழ இறங்கி ஈரம் தேடுகிறது. முதிய கொடி கொஞ்சமாகவே காய்க்கும், சாறோ செறிவு. நீர் இறைக்காமலே நிற்கும் பழங்கொடிகள் அங்கே பல. இயற்கைக்கு இசைவான வைனா என்று அறிய நான் முதலில் பார்ப்பது, கொடி இப்படி நீர் இறைக்காமல் நிற்கிறதா என்பதைத்தான்.

எங்கள் நிலம் வேறு. மலையில்லை; செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல், அதற்குள் கிணற்று நீர். குளிர்காலமில்லாததால் கொடி தானாக உறங்காது. உழவர் கவ்வாத்து வெட்டித்தான் அதன் காய்ப்பைத் தொடக்கிவைக்கிறார்: வெட்டிய கொடி புதுத் தளிர் விட்டு, அந்தத் தளிரில் பூத்து, ஏறத்தாழ நான்கு மாதத்தில் பழம் தரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பழம் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். வெட்டும் நாளைக் கணிப்பதே தோட்டக்காரரின் கெட்டித்தனம். ஆனால் பந்தலுக்கு இறைக்கும் நீரும் இடும் உரமும் ஒரே சுண்ணாம்புக்கல்லைத்தான் சேர்கின்றன. யாழ்ப்பாணக் கிணறுகளில் நைத்திரேற்று ஏறியிருப்பது பல ஆண்டுகளாக அறிந்த செய்தி. குறைவாக இறைத்து, எருவும் இலைகுழையும் இட்டு வளர்ப்பதே இந்த மண்ணுக்குப் பொருந்தும்.

கொடி முதிர, வெட்டுகிற கை ஆண்டு தவறாமல் அருகில் இருக்க வேண்டும். 1990இல் போரினால் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தார்கள், வயாவிளானும் வெறுமையானது. கவ்வாத்து இல்லாத பந்தல் ஓரிரு வருடத்தில் காடாகும். பிரியோராட்டில் கொடிக்குக் கிடைத்த நூறு ஆண்டு எங்கள் கொடிக்குக் கிடைக்கவில்லை. உங்கள் வளவில் பழைய முந்திரிகைக் கொடி ஒன்று தப்பி நின்றால், தயவுசெய்து அதைப் பிடுங்காதீர்கள். வெட்டிவிட்டுப் பாருங்கள், தளிர்க்கும்.