அடுப்படிக்கும் அனுமதி உண்டு, பட்டா இருந்தால்

நம் பக்கத்துக் காலனிகளில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் தொகுப்பு வீட்டின் பின்சுவரை ஒட்டி ஒரு சாய்ப்பு இறக்கியிருப்பதைப் பார்க்கலாம். நான்கு சவுக்குக் கழி, மேலே கீற்றோ தகரமோ, சுற்றிலும் பழைய புடவைத் தட்டி. அதுதான் சமையற்கட்டு. மழைக்காலத்தில் அடுப்பு வீட்டுக்குள் வந்துவிடும். புகையும் கூடவே வரும். பிள்ளைகள் படிப்பதும் உறங்குவதும் அந்தப் புகைக்குள்தான்.

இந்த நிலைக்கு மக்களின் பழக்கம் காரணம் அல்ல. கட்டிக் கொடுத்த அளவுதான் காரணம். 1985-86இல் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மீட்கப்பட்ட கொத்தடிமைத் தொழிலாளர்கள் ஆகியோருக்காகத் தொடங்கியது இந்திரா குடியிருப்புத் திட்டம். அதில் வீட்டின் அளவு 20 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 215 சதுர அடி. கழிப்பறையும் புகையில்லா அடுப்பும் திட்டத்தில் சேர்ந்தவையே. ஆனால் அடுப்பு வைக்கத் தனி அறை ஒதுக்க அந்த அளவில் இடம் ஏது? அதற்குப் பதிலாக 2016இல் வந்த பிரதமரின் ஊரக வீட்டுவசதித் திட்டத்தில்தான் குறைந்தபட்ச அளவு 25 சதுர மீட்டர் ஆனது. சுகாதாரமாகச் சமைக்க ஒதுக்கிய இடமும் அதற்குள் அடங்கும் என்று எழுத்தில் வந்தது. தமிழக அரசின் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் சமையலறையோடு சேர்த்து 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை; மீதி 60 சதுர அடிக்கு வேறு வகைக் கூரையும் போட்டுக்கொள்ளலாம்.

பழைய தொகுப்பு வீடுகளில் வாழ்கிறவர்கள் இப்போது கையில் நாலு காசு சேர்ந்ததும் செய்ய நினைக்கும் முதல் வேலை, அந்தச் சாய்ப்பைப் பிரித்துவிட்டு ஒரு நல்ல சமையலறை கட்டுவதுதான். அப்போதுதான் கேள்விகள் எழுகின்றன. நம் வீட்டில் நாம் கட்ட யாரிடம் கேட்க வேண்டும்? கேட்டால் தருவார்களா? கேட்காமல் கட்டினால் என்ன ஆகும்?

எதற்கு அனுமதி, எதற்கு வேண்டாம்

தமிழ்நாட்டில் நகரமானாலும் கிராமமானாலும் 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளே பொருந்தும். வீட்டின் பரப்பைக் கூட்டாத சிறு வேலைகளுக்கு அனுமதி தேவையில்லை. வெள்ளையடிப்பது, சுவர் பூசுவது, தரைக்கு டைல்ஸ் போடுவது, ஓடு மாற்றுவது, காற்றுக்கு ஒரு சன்னல் திறப்பது போன்றவை இந்த வகை. உள்ளே இருக்கும் அடுப்படிக்கு மேடை கட்டவும் தொட்டி வைக்கவும் யாரிடமும் கையெழுத்து வாங்க வேண்டியதில்லை.

புதிதாக அடித்தளம் போட்டு, சுவர் எழுப்பி, வீட்டை நீட்டினால் அது கட்டுமானம். அதற்கு அனுமதி வேண்டும். மனையின் எல்லையிலிருந்து விதிப்படி விடவேண்டிய காலியிடத்தையும் விட்டாக வேண்டும்.

2024 ஜூலையில் சுயசான்று முறை வந்தது. 2,500 சதுர அடி வரை உள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, அதிகாரி நேரில் வந்து பார்க்காமலேயே, ஒற்றைச் சாளர இணையதளத்தில் கட்டணம் கட்டி அனுமதி பெறலாம். மூன்று சென்ட் மனை என்பது சுமார் 1,307 சதுர அடி. ஆகவே காலனி மனைகள் பெரும்பாலும் இந்த வரம்புக்குள் அடங்கிவிடும். பழைய வீட்டை இடித்துக் கட்டுவோருக்கு இது நேர்வழி. இருக்கும் வீட்டோடு சமையலறையைச் சேர்ப்பவர்கள், எந்தப் பிரிவில் விண்ணப்பிக்க வேண்டும் என்று ஊராட்சி அலுவலகத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. வாய்வார்த்தையாக "கட்டிக்கோங்க" என்று சொன்னவர் நாளை மாற்றலாகிப் போய்விடுவார். நோட்டீஸ் மட்டும் வந்து சேரும்.

பட்டா என்னும் பூட்டு

இணையதளம் எல்லோருக்கும் பொதுவானதுதான். ஆனால் அது முதலில் கேட்பது உரிமை ஆவணத்தை. நம் மக்கள் நின்றுவிடுவது அந்த இடத்தில்தான்.

காலனி மனைகள் பலவும் ஆதிதிராவிடர் நலத்திட்டங்களுக்காக நிலம் கையகப்படுத்தும் 1978ஆம் ஆண்டுச் சட்டப்படி எடுத்துக் கொடுக்கப்பட்டவை. பட்டா தாளாகக் கையில் இருக்கும். கிராமக் கணக்கில் ஏறியிருக்காது. அல்லது தாத்தா பெயரிலேயே இருக்கும்; அவர் இறந்து இரண்டு தலைமுறை ஆகியிருக்கும். அண்ணன் தம்பிகள் ஒரே மனையில் ஆளுக்கொரு பக்கம் குடியிருப்பார்கள்; உட்பிரிவு செய்திருக்க மாட்டார்கள். கணினியில் பெயர் வராவிட்டால் அனுமதியும் வராது.

ஆகவே கொத்தனாரைக் கூப்பிடும் முன் சிட்டா, 'அ' பதிவேடு, புல வரைபடம் மூன்றையும் எடுத்துப் பார்க்க வேண்டும். பெயர் இல்லையென்றால் வாரிசுச் சான்றோடு இ-சேவை மையத்தில் பட்டா மாறுதலுக்கு விண்ணப்பிக்கலாம். ஒப்படைப் பட்டா கணக்கில் ஏறவில்லையென்றால் ஆதிதிராவிடர் நலத் தனி வட்டாட்சியரிடம் மனு கொடுக்க வேண்டும். திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டமும் ஆண்டுதோறும் நடக்கும் ஜமாபந்தியும் இதற்கான இடங்களே. மனு கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பக் கூடாது. பதில் வராவிட்டால் 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு மனுவின் நிலையைக் கேட்கலாம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பின்பக்கம் நீட்டும் சுவர் வாய்க்கால் புறம்போக்கிலோ ஏரிப் புறம்போக்கிலோ ஓரடி விழுந்தாலும் அனுமதி கிடைக்காது. கட்டிய காசும் போகும். அளந்து கல் நட்ட பிறகு கடைக்கால் தோண்டுவதே பாதுகாப்பு.

நல்ல சமையலறைக்கு அளவு உண்டு

2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட நெறிமுறை சமையலறைக்கு அளவு சொல்கிறது. சாப்பிடும் இடம் தனியாக இருந்தால் சமையலறைப் பரப்பு 5 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது. அதாவது 54 சதுர அடி. அகலம் 1.8 மீட்டர், ஏறக்குறைய ஆறடி. உயரம் 2.75 மீட்டர், ஒன்பது அடி. வெளிக்காற்று நேராக வரும்படி ஒரு சதுர மீட்டர் சன்னல் வேண்டும். மூன்றேகால் அடிக்கு மூன்றேகால் அடி என்று வைத்துக்கொள்ளலாம். தரை தண்ணீர் ஊறாததாக இருக்க வேண்டும். பாத்திரம் கழுவிய நீர் போக வடிகால் வேண்டும். விறகு எரித்தால் புகைபோக்கியும் வேண்டும்.

இவற்றை ஆடம்பரம் என்று ஒதுக்க முடியாது. வீட்டுக்குள் சேரும் அடுப்புப் புகையால் 2020இல் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. அந்தச் சன்னல் உயிர் காக்கும் சன்னல்.

எரிவாயு வந்த வீடுகளுக்கும் சில எச்சரிக்கைகள் உண்டு. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும். எனவே கதவடியிலோ சுவரின் கீழோ காற்றுப் போக வழி வேண்டும். சிலிண்டர் நிமிர்ந்து நிற்க வேண்டும். அடுப்பு அதைவிட உயரமான மேடையில் இருக்க வேண்டும். ரப்பர் குழாயை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கசிவு என்றால் அழைக்க வேண்டிய எண் 1906.

பழைய தொகுப்பு வீட்டின் பின்சுவரை உடைத்து வழி விடுகிறவர்கள் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். மேல்தளத்தின் பாரம் அந்தச் சுவரில்தான் நிற்கிறது. முட்டுக் கொடுத்து, மேலே லிண்டல் போட்ட பிறகே சுவரை வெட்ட வேண்டும்.

கழிவுநீர் சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் "காலனித் தண்ணி எங்க தெருவுக்கு வருது" என்று தொடங்கும் சண்டை எங்கே போய் முடியும் என்பது நம்மில் பலருக்குத் தெரியும். மனைக்குள்ளேயே ஓர் உறிஞ்சுகுழி போட்டுவிட்டால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

நோட்டீஸ் வந்தால்

ஊர்த் தெருவில் பாதையை மறித்து நீளும் திண்ணைக்கு வராத நோட்டீஸ், காலனியில் ஓர் அடுப்படிக்கு வருவதுண்டு. வந்தால் பயந்து ஓடவும் வேண்டாம், கிழித்துப் போடவும் வேண்டாம். 2024 நவம்பர் 13இல் நீதிபதிகள் பி.ஆர்.கவாய், கே.வி.விசுவநாதன் அமர்வு அளித்த தீர்ப்பில், கட்டடத்தை இடிக்கும் முன் 15 நாள் அவகாசத்தோடு காரணம் கேட்கும் நோட்டீஸ் தர வேண்டும், உரியவர் சொல்வதைக் கேட்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. சாலை, தெரு, நீர்நிலை போன்ற பொது இடங்களில் கட்டியவற்றுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. அளந்து கட்டுங்கள் என்று நாம் மேலே சொன்னது அதனால்தான். நோட்டீசுக்குக் குறித்த நாளுக்குள் எழுத்தில் பதில் கொடுத்து நகல் வைத்துக்கொள்ள வேண்டும்.

முறையாகக் கட்டுவதைச் சாதியைச் சொல்லி யாராவது தடுத்தால் கதை வேறு. பட்டியல் சாதியினரின் நிலத்தையோ வீட்டையோ அவர்கள் அனுபவிக்க விடாமல் தலையிடுவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம்.

கல்லூரிக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். விடுமுறையில் வரும்போது உங்கள் தெருவில் எத்தனை வீட்டுப் பட்டா கணக்கில் ஏறியிருக்கிறது, எத்தனை வீட்டில் தனிச் சமையலறை இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அதை அடுத்த கிராம சபையில் மனுவாகக் கொடுத்துத் தீர்மானமாக்கச் சொல்லுங்கள். தனித்தனியாகப் போனால் ஒவ்வொருவரும் பத்து நடை நடக்க வேண்டும். ஒரு தெருவே சேர்ந்து கேட்டால், அதிகாரி தெருவுக்கு வந்தாக வேண்டும்.