ஒரு நீர்த்தேக்கம், பல பங்காளிகள்



நிந்தவூரிலோ சாய்ந்தமருதிலோ வீட்டுக் குழாயில் வரும் தண்ணீர் எங்கிருந்து வருகின்றது என்று உங்கள் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். "நீர் வழங்கல் சபையிலிருந்து" என்றே பலர் கூறுவர். உண்மையில் அது அம்பாறை நகருக்கு அருகிலுள்ள கொண்டவட்டுவான் குளத்து நீர். அக்குளத்துக்கு நீரூட்டுவது கல்லோயா இடதுகரைக் கால்வாய். அதன் மூலமோ இங்கினியாகலையிலுள்ள சேனாநாயக்க சமுத்திரம். நம் மூத்தோர் பட்டிப்பளை ஆறு என அழைத்த கல்லோயாவை மறித்து, 1949 இல் ஆரம்பித்த திட்டத்தின் கீழ் எழுந்த நீர்த்தேக்கம் அது.

முன்னர் கரையோர மக்கள் மணற்பாங்கான நிலத்திலுள்ள ஆழமற்ற கிணறுகளையே நம்பியிருந்தனர். 2004 டிசம்பர் 26 ஆந் திகதி கடற்கோள் அக்கிணறுகளில் உவர்நீரை நிரப்பிய பின், குழாய்நீரின் தேவை எவருக்கும் விளக்கத் தேவையற்றதாயிற்று. ஆயினும் நகரம் பருகும் அதே நீரைத்தான் வயலும் கேட்கின்றது. சிறுபோகத்தில் கடைமடை வயல்கள் காயும்போது இந்த உண்மை சுடுகின்றது.

பங்கீடு இயலாத காரியமன்று. 1981 இல் நீர்த்தேக்கத்தில் கால்வாசி நீரே இருந்தது. கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் அமைப்பாளர்களை இடதுகரைக்கு அனுப்பின. விவசாயிகள் தாமே வாய்க்கால்களைத் துப்புரவு செய்து, முறைவைத்து நீர் பாய்ச்சி, மிச்சப்படுத்தியதைக் கீழே விட்டனர். மேல்மடையில் இருந்தோர் பெரும்பாலும் சிங்கள விவசாயிகள். கடைமடையில் தமிழ் பேசுவோர். 1997 இலும் அவ்வாறே நிகழ்ந்தது. நீர் 15,000 ஏக்கருக்கே போதுமெனத் திணைக்களம் கணித்தபோதும், விவசாய அமைப்புகள் சமமாகப் பகிர்ந்து சுமார் 65,000 ஏக்கரிலும் பயிரிட்டு நல்ல விளைச்சல் கண்டன. சீமெந்துக் கால்வாயைவிட இந்த இணக்கமே பெரிய கட்டுமானம் என்பது எமது கருத்து.

மூன்றாவது பங்காளி பேசாதது. நீரேந்து காட்டைக் காக்கவே 1954 இல் கல்லோயா தேசிய பூங்கா அமைக்கப்பட்டது. காடு அழிந்தால் மண் கரைந்து குளத்தில் படியும், கொள்ளளவு குறையும். தீவுகளுக்கிடையே யானைகள் நீந்துவதைக் காணப் படகில் செல்லும் உல்லாசப் பயணி நீரைக் குடித்துத் தீர்ப்பதில்லை. ஆனால் அவர் வீசும் பிளாஸ்ரிக் போத்தல் அங்கேயே தங்கிவிடும்.

ஆகவே கணக்கு இப்படி அமைய வேண்டும்: போகம் தொடங்குமுன் இருப்பை அளந்து, அடுத்த மாரி வரையிலான குடிநீரையும், வெயில் குடிக்கும் பங்கையும், ஆறு உயிரோடிருக்கத் தேவையான ஓட்டத்தையும் முதலில் ஒதுக்கி, எஞ்சியதற்கேற்ப ஏக்கர்களைத் தீர்மானித்தல். ஏக்கரை முதலில் வாக்களித்துவிட்டு நீரைத் தேடினால் இழப்பது கடைமடையே. போக ஆரம்பக் கூட்டங்களில் பெரும்பாலும் விவசாயிகளையும் அதிகாரிகளையுமே காண்கின்றோம். குழாய்நீர் பருகும் நகர இளைஞர்களும் அங்கு சென்று அமர்ந்து கேட்கலாமே!

அடுத்த பாடசாலை விடுமுறையில் இங்கினியாகலைக்குச் செல்லும் பெற்றோர், படகில் ஏறுமுன் பிள்ளைகளுக்கு அணைக்கட்டின் துருசைக் காட்டுங்கள்.